ஏலமா, நிலையான விலையா? வீட்டுப் பழைய பொருட்களை இணையத்தில் விற்பது எப்படி?

குமரன்_பாசிர்ரிஸ்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா நான்கறை வீட்டை விட்டு ஈரறை வீட்டுக்கு மாறுகிறார்கள். பாதிப் பொருளை விற்றாக வேண்டும். அப்பா சேர்த்து வைத்த ஆர்க்கிட் வரிசை நோட்டுகள் (ஆர்க்கிட் பூப் படம் போட்ட பழைய சிங்கப்பூர்ப் பண நோட்டுகள்) கொஞ்சம், ஒரு பெட்டி நிறையத் தமிழ் எல்பி ரெக்கார்டுகள், அம்மாவின் காஞ்சிபுரம் பட்டு ஐந்தாறு, ஒரு நிக்கான் ஃபிலிம் கேமரா, அப்புறம் வாஷிங் மெஷின், கட்டில், மிக்சி என்று வழக்கமான சாமான்கள். எல்லாவற்றையும் பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் விலை போட்டு வைத்துவிடலாமா, அல்லது சிலவற்றை ஈபேயிலோ ஃபேஸ்புக் குழுக்களிலோ ஏலம் விடலாமா? அப்பா "ஏலம் விட்டால் அடிமாட்டு விலைக்குப் போகும்" என்கிறார். தம்பி "விலை போட்டால்தான் ஏமாறுவோம், மதிப்பு நமக்குத் தெரியாதே" என்கிறான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன்_ராஜா:
விலையைப் போட்டு விற்றுவிட்டு வேலையைப் பாருங்கள் ப்ரோ. ஏலம் என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஜெயித்தவர் பணம் கட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். கரோசெல்லில் போட்டால் சாயந்தரம் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கைமாறிவிடும், பேநவ்வில் பணம் வந்துவிடும்.

தெம்பனிஸ்_செல்வா:
இல்லை, ஏலம்தான் சரி. நம் ஊரில் ஏலம் விலையை எங்கே கொண்டு போகும் என்பதற்கு, கார் வாங்க அரசாங்கத்திடம் ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழைப் பாருங்கள், 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனது. அரசாங்கம் ஒரு விலையைப் போட்டு விற்றிருந்தால் யாராவது ஒன்றரை லட்சம் என்று போட்டிருப்பார்களா? வேண்டும் என்று துடிப்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார். அந்தத் துடிப்பை வெளியே கொண்டுவர ஏலத்தை விட்டால் வேறு வழியில்லை.

பழையநோட்டு_அன்பர்:
செல்வா தம்பி, நீங்கள் கொடுத்த எண்ணிலேயே பதில் இருக்கிறது. அந்த 150,001-இல் கடைசியில் நிற்கும் ஒரு வெள்ளியைப் பாருங்கள். சான்றிதழ் ஏலத்தில் ஜெயித்தவர்கள் எல்லாரும் கட்டுவது ஒரே தொகை, அந்தத் தொகை தோற்றவர்களில் அதிகமாகக் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளி கூட்டியது. அதாவது யாரோ 150,000-இல் நின்றுவிட்டார், அவர் நின்ற இடம்தான் ஜெயித்த அத்தனை பேருக்கும் விலை. இரண்டு லட்சம் வரை போகத் தயாராக இருந்தவர் கூட 150,001 கட்டிவிட்டுப் போனார்.

ஈபே ஏலமும் கிட்டத்தட்ட இப்படித்தான். நீங்கள் ஒரு கேமராவை 10 டாலரில் ஆரம்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் தன் உச்ச வரம்பாக 80 என்று பதிகிறார். ஈபே உடனே 80 என்று காட்டாது, 10-லேயே நிற்கும். இன்னொருவர் வந்து 55 என்று பதிந்தால் விலை 56-க்கு ஏறும், 80 பதிந்தவர்தான் முன்னிலையில் இருப்பார். மூன்றாவது ஆள் வரவில்லையென்றால் 56-க்கு முடிந்துவிடும். அவர் மனதில் இருந்த 80 உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த 55 ஆசாமியும் வரவில்லையென்றால் 10 டாலருக்குக் கேமராவைக் கொடுக்க வேண்டும், இதுதான் உங்கள் அப்பா சொல்லும் அடிமாட்டு விலை.

ஏலத்தில் விலையை வைப்பது தோற்றுப்போகும் ஆள்தான். அதனால் "இதை ரொம்ப ஆசைப்பட்டு யார் வாங்குவார்" என்று யோசித்துப் பயனில்லை, "அவருக்கு எதிராகக் கேட்க இரண்டாவது ஆள் இருக்கிறாரா, அதே வாரம் அதே இடத்தில் இருப்பாரா" என்று யோசிக்க வேண்டும். சான்றிதழ் ஏலத்தில் பெரும்பாலும் இருப்பதை விடக் கேட்பவர்கள் அதிகம், இரண்டாவது ஆளுக்கும் இருநூறாவது ஆளுக்கும் பஞ்சமே இல்லை. உங்கள் மிக்சிக்கு அப்படியா?

தெம்பனிஸ்_செல்வா:
புரிகிறது அண்ணே. ஆனால் குறைந்தபட்ச விலை வைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லையே?

பழையநோட்டு_அன்பர்:
வைக்கலாம். ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தால், பொருளின் விலை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம், அப்புறம் விலை போட்டே விற்கலாம். உணவங்காடிக் கடைகளின் டெண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த உணவுக் கடைகளுக்குக் குறைந்தபட்ச வாடகை என்று இருந்ததைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2012-இல் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆள் வராத இடத்தில் மாதம் ஒரு வெள்ளிக்குக் கூடக் கடை போனது, கூட்டம் இருக்கும் மரீன் பரேடில் 2024-இல் ஒரு கடைக்கு மாதம் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கேட்டார்கள். இரண்டும் ஒரே முறை டெண்டர். கேட்க வந்தவர்களின் எண்ணிக்கைதான் வேறு.

பூங்கோல்_வசந்தி:
நான் பழைய பட்டுப் புடவைகள் வாங்கி விற்கிறேன், அதனால் அம்மாவின் புடவைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குமரன் தம்பி, தயவுசெய்து புடவையை ஏலம் விடாதீர்கள். புடவை வாங்குகிறவர் ஒரு கேள்வியோடு வரமாட்டார். முந்தானையைத் தனியாகப் படம் கேட்பார், ஜரிகை கறுத்திருக்கிறதா என்று கேட்பார், மடிப்பில் விட்டிருக்கிறதா, ரவிக்கைத் துணி இருக்கிறதா, ஃபால்ஸ் அடித்ததா, அக்கா கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், அடுத்த வாரம் தங்கச்சியோடு வந்து பார்க்கலாமா என்றெல்லாம் போகும். இதற்குக் கெடு வைத்து மணி அடித்தால் பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பவரால் ஏலத்தில் கேட்க முடியாது.

பேரத்துக்கு இடம் விட்டு விலை போடுங்கள். 150 வெள்ளி கிடைத்தால் போதும் என்று இருந்தால் 180 போடுங்கள். 250 போட்டால் ஆளே கேட்க மாட்டார், 150 போட்டால் 100-க்குக் கேட்பார். சரிகையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் விரித்துப் படம் எடுங்கள், குழல் விளக்கின் கீழ் எடுத்தால் அரக்குச் சிவப்பு எல்லாம் ஆரஞ்சாகத் தெரியும், வந்து பார்த்துவிட்டு "படத்தில் வேறு நிறம்" என்பார்கள். இழை விட்ட இடம் இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் நிச்சயமாக வாங்குகிறவர். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் போட்டால் கேள்விகள் நன்றாக வரும், தைப்பூசம் முடிந்த பிறகு கொஞ்சம் மந்தம்.

செடிக்காரன்_உட்லண்ட்ஸ்:
வசந்தி அக்கா சொன்னது புடவைக்குச் சரி. ஆனால் ஏலத்தை மொத்தமாக ஒதுக்கிவிட வேண்டாம். நான் அரிய வகைச் செடிகளை ஃபேஸ்புக் நேரலையில் ஏலம் விடுகிறேன். 2020-இல் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது மீன், இறால், நண்டு எல்லாம் இரவு நேரலையில் விற்றது நினைவிருக்கும், நிறையப் பேருக்கு அப்போதுதான் இந்தப் பழக்கம் வந்தது. இதில் அன்பர் சொல்லும் இரண்டாவது ஆள் எனக்குத் தயாராகத் திரையில் இருக்கிறார். வாரம் முழுக்கப் படம் போட்டு "வெள்ளி இரவு 9 மணி" என்று சொல்லி அந்த ஒரு மணி நேரத்தில் அத்தனை பேரையும் கூட்டுவதுதான் என் வேலையே. ஒரு தரம், இரண்டு தரம் என்று குரல் ஏறும்போது பார்த்துக்கொண்டு இருந்தவரும் கேட்கிறார். சீனர்களின் ஏழாம் மாத விருந்துகளில் கரித்துண்டை "கறுப்புத் தங்கம்" என்று ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு ஏலம் எடுப்பார்கள், தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் பங்குனி உத்திரத்துக்கு வேலில் குத்திய எலுமிச்சம்பழம் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அங்கே கேட்பவர்களுக்கு அது பாக்கியம், அதுவும் அந்த ஊரே ஒரே இடத்தில் கூடியிருக்கும்போது கேட்கிறார்கள். மறுநாள் அதே பழத்தை விலை போட்டு வைத்திருந்தால் எத்தனை பேர் வருவார்கள்?

ஆனால் இது எனக்குத் தொழில், வாராவாரம் வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை மட்டும் விற்க வருகிற உங்களுக்கு அந்தக் கூட்டம் கிடைக்காது. ஏற்கெனவே கூட்டம் இருக்கிற குழுவில் போய் அங்கே விட வேண்டும்.

ஜூரோங்_மீனா:
குழு என்றதும் சொல்ல வேண்டும். ஒரு சேகரிப்பாளர் குழுவில் பழைய பித்தளைச் சாமான் ஒன்றுக்கு ஏலம் கேட்டேன். நான் எவ்வளவு கேட்டாலும் ஒருவர் ஐந்து வெள்ளி ஏற்றிக்கொண்டே வந்தார். நான் நிறுத்தினேன், அவர் ஜெயித்தார். மறுநாள் விற்பவரே எனக்குச் செய்தி அனுப்புகிறார், "அவர் வேண்டாம் என்றுவிட்டார், உங்கள் கடைசி விலைக்கே தருகிறேன்" என்று. அந்த ஏற்றிவிட்ட ஆளின் கணக்கைப் போய்ப் பார்த்தால் அதே விற்பவருடைய மற்ற எல்லா ஏலத்திலும் வந்து கேட்டிருக்கிறார், எதையும் வாங்கியதாகத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. நியாயமாகக் கேட்க வந்தவர்களை இப்படி விரட்டினால் குழுவில் யார்தான் மிச்சம் இருப்பார்கள்? விற்பவர்கள் தயவுசெய்து சொந்தக்காரரையோ நண்பரையோ விட்டு விலை ஏற்றாதீர்கள்.

பழையநோட்டு_அன்பர்:
மீனா சொல்வது நடக்கிறது, அது மோசடிதான், ஈபேயும் அதைத் தடை செய்திருக்கிறது. இரண்டாவது ஆள்தான் விலையை வைக்கிறார் என்று தெரிந்தவர்கள் பொய்யாக ஒரு இரண்டாவது ஆளை உருவாக்குகிறார்கள். நல்ல குழுக்களில் ஏலம் கேட்டுவிட்டு வாங்காதவரை வெளியே தள்ளிவிடுவார்கள். குமரன் தம்பி, எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதலில் விதிமுறையைப் படியுங்கள். எஸ்பி என்றால் ஆரம்ப விலை, பிஐஎன் என்றால் உடனே வாங்கும் விலை, கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அந்த நீட்டிப்பு விதி முக்கியம். ஈபேயில் நேரம் முடிந்தால் முடிந்ததுதான், அதனால் ஆட்கள் கடைசி வினாடி வரை பதுங்கியிருந்து அடிப்பார்கள். அமேசானும் ஒரு காலத்தில் ஏலம் நடத்தியது, அங்கே கடைசியில் கேட்டால் பத்து நிமிடம் நீளும். ராத், ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002-இல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார்கள், கடைசி நேரப் பதுங்கல் ஈபேயில்தான் மிக அதிகம். விற்பவருக்கு நீட்டிப்பு உள்ள இடம் நல்லது, ஏனென்றால் பின்னால் நின்றவருக்குத் திருப்பிக் கேட்க நேரம் கிடைக்கிறது.

ஈசூன்_ராஜா:
அன்பரே, ஏலம் அவ்வளவு நல்லதென்றால் ஈபேயே ஏன் விலை போட்டு விற்கும் கடையாக மாறிவிட்டது? இப்போது போய்ப் பார்த்தால் பெரும்பாலும் உடனே வாங்கு பொத்தான்தானே இருக்கிறது.

பழையநோட்டு_அன்பர்:
நல்ல கேள்வி. ஈபே 1995-இல் ஏலத் தளமாகத்தான் பிறந்தது, உடனே வாங்கும் வசதியே 2000-இல்தான் வந்தது. அப்போதெல்லாம் ஒரு பழைய பொம்மையின் விலை என்னவென்று யாருக்கும் தெரியாது, ஏலம்தான் சொல்ல வேண்டும், கேட்பவர்களுக்கும் அது விளையாட்டாக இருந்தது. பிறகு தேடினால் விலை தெரியும் காலம் வந்தது. ஐனாவ், லெவின் முதலானோர் ஈபேயின் தரவுகளை வைத்தே 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே விற்பனையாளர் ஒரே பொருளை ஏலத்திலும் விலை போட்டும் விற்ற இடங்களைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். விற்கும் பொருட்கள் மாறியது முக்கியக் காரணமில்லை, வாங்குபவர்களுக்கு ஏலத்தின் மேல் இருந்த நாட்டம் குறைந்துவிட்டது என்பதுதான் அவர்கள் கண்டது. ஏலத்தில் விட்டால் விற்றுப்போக வாய்ப்பு அதிகம், ஆனால் விலை குறைவு. குமரனுக்கு இதுதான் கணக்கு. அவசரமாகத் தீர வேண்டும், எவ்வளவானாலும் சரி என்றால் ஏலம் உதவும். புதிதாகக் கடையில் கிடைக்கும் பொருளை ஏலம் விட்டு அதிக விலை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை, கடை விலையைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள்.

வாஷிங் மெஷினுக்கு இரண்டாவது ஆளைத் தேட வேண்டாம், நாளைக்கே வந்து தூக்கிச் செல்லும் முதல் ஆள் போதும். லாரி ஏற்பாடு வாங்குபவருடையது, லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்கும் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். கட்டிலுக்கும் அதுதான்.

தெம்பனிஸ்_செல்வா:
அப்படியென்றால் நோட்டுகளுக்கு?

பழையநோட்டு_அன்பர்:
நோட்டுதான் ஏலத்துக்குப் பிறந்த பொருள், ஆனால் எல்லா நோட்டும் அல்ல. ஆர்க்கிட் வரிசை 1967 முதல் 1976 வரை வந்தது. ஒரு வெள்ளி நோட்டையே எடுங்கள். யாருடைய கையெழுத்து, லிம் கிம் சானா, கோ கெங் சுவீயா, ஹான் சுய் சென்னா என்று பாருங்கள். சிவப்பு முத்திரை இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். பிறகு வரிசை எண்ணைப் பாருங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா, இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கிறதா, தொடர்ச்சியாக இரண்டு மூன்று நோட்டுகள் இருக்கின்றனவா என்று. நடுவில் மடித்த கோடு இருந்தால் விலை பாதாளத்துக்குப் போகும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய மடிப்பும் தெரியும். இஸ்திரி போடாதீர்கள், துடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், வியர்த்த கையால் தொடாதீர்கள்.

மடிப்பும் அழுக்குமாக இருக்கும் சாதாரண நோட்டுகளை மொத்தமாக ஒரு கட்டாக விலை போட்டு விற்றுவிடுங்கள். ஈபேயில் "விற்று முடிந்தவை" என்று வடிகட்டிப் பார்த்தால் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும், மற்றவர்கள் ஆசையோடு போட்டு வைத்திருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். எண் விசேஷமாக இருக்கும் நோட்டும், 25 வெள்ளி நோட்டு போல எல்லாரும் தேடுவதும் இருந்தால் அவற்றை ஏலம் விடுங்கள். எல்லா வரிசை நோட்டும் இன்றும் செல்லும், ஆகவே முகமதிப்புக்குக் கீழே போகப் போவதில்லை. மேலே எவ்வளவு போகும் என்பதை நானும் சொல்ல முடியாது, எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது, இரண்டு சேகரிப்பாளர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், குழுக்களில் இருக்கிறார்கள், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தும் வைத்திருக்கிறார்கள்.

குமரன்_பாசிர்ரிஸ்:
அன்பர் அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நோட்டுகளைப் பார்த்தேன், ஹான் சுய் சென் கையெழுத்து நிறைய இருக்கிறது, தொடர் எண்ணில் நான்கு நோட்டு ஒரு உறையில் தனியாக இருக்கிறது, அப்பா தெரிந்துதான் வைத்திருக்கிறார். அவற்றை ஏலத்துக்கு எடுத்து வைக்கிறேன். ரெக்கார்டுகள்தான் குழப்பம். எச்எம்வி, இன்ரெகோ, எக்கோ மூன்று லேபிளும் கலந்து இருக்கின்றன. இங்கே கரோசெல்லில் போட்டு ஒரு வாரமாகிறது, ஒருவர் மொத்தப் பெட்டிக்கும் 50 வெள்ளி கேட்டதோடு சரி.

ரெக்கார்ட்_ரவி:
தம்பி, பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்! தமிழ் எல்பிக்கு முதல் ஆள் சிங்கப்பூரில் இருக்கலாம், இரண்டாவது ஆள் கோலாலம்பூரிலோ சென்னையிலோ லண்டனிலோ இருக்கிறார். உள்ளூரில் மட்டும் போட்டால் 50 வெள்ளிக்காரர் ஒருவர்தான் உங்களுக்குத் தெரிவார். முதலில் ரெக்கார்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு தட்டின் கேட்டலாக் எண்ணையும் தேடுங்கள், அது தட்டின் நடுத்தாளிலும் உறையின் மூலையிலும் இருக்கும். இதுவரை விற்றதில் குறைந்த விலை, நடு விலை, அதிக விலை மூன்றையும் அங்கே பார்க்கலாம். பலமுறை விற்றிருந்தால் நடு விலையை ஒட்டி விலை போடுங்கள், ஏலம் வேண்டாம். பதிவே இல்லாத தட்டு, அல்லது ஓரிரு முறை மட்டும் விற்று விலை எங்கெங்கோ போயிருக்கும் தட்டு என்றால் அது ஏலத்துக்கு. எக்கோ தட்டுகளை நன்றாகப் பிரித்து வையுங்கள், இளையராஜா ரசிகர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் தலைப்பு எழுதும்போது படப் பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். 2006-இல் கூ, கலின்ஸ்கி, மர்னிகன் மூவரும் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆரம்ப விலை குறைவாக வைத்தால் கூட்டம் சேர்ந்து கடைசி விலை ஏறுகிறது, ஆனால் தலைப்பில் பெயரைத் தவறாக எழுதிய ஏலங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை, ஏனென்றால் தேடியவர்களுக்கு அது அகப்படவே இல்லை. நம் படப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், தட்டின் உறையில் அச்சிட்டதை ஒரு தடவை, வழக்கமாக எழுதுவதை ஒரு தடவை, இரண்டையும் தலைப்பில் போடுங்கள். இசையமைப்பாளர் பெயரும் கட்டாயம்.

குமரன்_பாசிர்ரிஸ்:
எந்த நேரத்தில் முடியும்படி வைப்பது ரவி அண்ணே?

ரெக்கார்ட்_ரவி:
ஞாயிறு இரவு நம் நேரம் 10 மணி. கோலாலம்பூரிலும் அதே 10, சென்னையில் ஏழரை, லண்டனில் கோடையில் பிற்பகல் மூன்று, குளிர்காலத்தில் இரண்டு. மூன்று ஊரிலும் ஆள் விழித்திருப்பார், வேலையிலும் இருக்க மாட்டார். அமெரிக்காவில் இருப்பவர்களை நினைத்து அவர்களின் மாலைக்கு வைத்தால் இங்கே நமக்குத் திங்கள் காலை ஆகிவிடும், சென்னையில் அப்போதுதான் காபி போட்டுக்கொண்டிருப்பார்கள், அதனால் நான் அப்படி வைப்பதில்லை.

ஜூரோங்_மீனா:
ஜெயித்தவர் பாங்சே பண்ணிவிட்டால், அதாவது வாங்காமல் கைவிட்டுவிட்டால்?

ரெக்கார்ட்_ரவி:
ஈபேயில் என்றால் அடுத்தவருக்கு அவர் கேட்ட விலையிலேயே கொடுக்கும் வசதி இருக்கிறது, அவர் விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டாயம் இல்லை. அதனால்தான் தோற்றவர்களுக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள் என்கிறேன். "இந்த முறை கிடைக்கவில்லை, வேறு எக்கோ தட்டுகள் அடுத்த ஞாயிறு வருகின்றன" என்று ஒரு வரி போதும். தபால் செலவு எவ்வளவு என்பதை ஏலம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். தட்டை உறைக்குள் வைத்து அனுப்பாதீர்கள், வெளியே எடுத்து வேறு உறையில் போட்டு இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள், இல்லையென்றால் வழியில் இடிபட்டு அட்டை உறையின் ஓரம் கிழிந்துவிடும். அப்புறம் அந்த நிக்கான் என்ன மாடல்? மீட்டர் வேலை செய்கிறதா, லென்சில் பூஞ்சை இருக்கிறதா? டார்ச் அடித்து லென்சுக்குள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் அதுதான் முதல் பிரச்சினை.